மேடைப் பியானோ சுருதியில் நிற்கவில்லையா? அறிகுறி பார்த்துக் காரணம் பிடிக்கும் வழி

வீட்டுப் பியானோவை வருஷத்துக்கு இரண்டு முறை ட்யூன் செய்தால் பெரும்பாலும் போதும். அரங்கில் நிற்கும் கான்சர்ட் கிராண்டுக்கு, அதாவது பெரிய கச்சேரிப் பியானோவுக்கு, அந்தக் கணக்கு உதவாது. அங்கே ஒவ்வொரு நிகழ்ச்சிக்கும் முன்னால் ட்யூனிங் உண்டு. காலையில் ஒன்றரை, இரண்டு மணி நேரம் முழுதாகச் செய்வார்கள். ஒத்திகை முடிந்து கதவு திறப்பதற்குள் அரை மணி நேரம் சரிபார்ப்பார்கள். கனமான நிகழ்ச்சி என்றால் இடைவேளையிலும் ட்யூனர் ஒருமுறை மேடை ஏறுவார். மிருதங்கக்காரர் உருப்படிகளுக்கு நடுவே கல்லால் தட்டிச் சேர்த்துக்கொள்வதை யாராவது குறையாகச் சொல்கிறோமா? இதுவும் அதே ரகம்தான்.

இவ்வளவும் செய்த பிறகு "நிற்கவே மாட்டேன் என்கிறது" என்று புகார் வரும்போதுதான் சிக்கல். உடனே இன்னொரு ட்யூனிங்குக்கு ஆள் கூப்பிடுவார்கள். பல நேரம் அது வீண் செலவு. எத்தனை நாளுக்கு ஒருமுறை என்று கேட்பதற்கு முன்னால், எது நகர்ந்தது, எந்தப் பகுதியில், எவ்வளவு வேகமாக என்று பாருங்கள். வெப்பம் நிமிடங்களில் வேலையைக் காட்டும். ஈரப்பதத்துக்கு நாள்கணக்கில் ஆகும். ஒரே ஒரு சுரம் மட்டும் கெட்டால் அது காற்றின் வேலை இல்லை, கம்பியோ, அதை முறுக்கி இறுக்கிப் பிடிக்கும் உலோகப் பின்னோதான்.

முதலில் நான்கு சுரங்களை அளந்து வையுங்கள்

ட்யூனர் வேலை முடித்துக் கிளம்புவதற்கு முன் இதைச் செய்யுங்கள். கீழ்ப்பகுதியில் ஒரு சுரம், செம்பு சுற்றிய கம்பிகள் முடிந்து வெறும் எஃகுக் கம்பி தொடங்கும் இடத்தில் ஒன்று, நடுவில் ஏ 440 (நொடிக்கு 440 அதிர்வு உள்ள ஏ சுரம்), மேலே கடைசிக்கு முந்தைய ஆக்டேவில் (ஸ்தாயியில்) ஒரு ஸி. போனில் உள்ள ட்யூனர் ஆப் போதும். பெரும்பாலான சுரங்களுக்கு மூன்று கம்பி என்பதால், இரண்டை ரப்பர் ஆப்பு வைத்து அடக்கிவிட்டு ஒரே கம்பியை அளக்க வேண்டும். இல்லையென்றால் ஆப் குழம்பும். எப்படி என்று ட்யூனரிடம் ஒருமுறை கேட்டால் காட்டிக் கொடுப்பார். கூடவே நேரம், வெப்பம், ஈரப்பதம் மூன்றையும் எழுதுங்கள். பியானோவுக்கு அடியில் வைக்க ஈரப்பதம் காட்டும் ஒரு சின்ன ஹைக்ரோமீட்டர் வாங்கிவிடுங்கள், விலை அதிகமில்லை.

சுருதி வித்தியாசத்தை அளக்கும் அலகு சென்ட். அரை சுரத்துக்கு 100 சென்ட். ஏ 440-இல் 1 ஹெர்ட்ஸ் என்பது சுமார் 4 சென்ட். இந்த நான்கு எண்களும் கையில் இருந்தால் கீழே வரும் அறிகுறிகளில் பாதியை நீங்களே பிரித்துவிடலாம்.

"மதியம் சரியாக இருந்தது, நிகழ்ச்சியில் மொத்தமும் இறங்கிவிட்டது"

விளக்குதான். எஃகுக் கம்பி ஒரு டிகிரி சூடேறினால், கம்பிகளின் இழுவிசையைத் தாங்கும் வார்ப்பிரும்புச் சட்டம் இன்னும் சூடேறாத நிலையில், சுருதி கிட்டத்தட்ட 2 சென்ட் இறங்கும். மெல்லிய கம்பி உடனே சூடாகும். கனமான சட்டத்துக்கு நேரம் பிடிக்கும். சட்டமும் சூடாகி விரிந்த பிறகு இறங்கியதில் பெரும்பகுதி தானாகவே திரும்பி வரும். இடைவேளையில் ட்யூனர் அவசரப்பட்டு எல்லாவற்றையும் ஏற்றிவிட்டால் இரண்டாம் பாதியில் ஏற்றமாக நிற்பது இதனால்தான்.

செய்ய வேண்டியது இவ்வளவுதான்: ட்யூனிங் தொடங்குவதற்கு ஒரு மணி நேரம் முன்பே மேடை விளக்கையும் ஏசியையும் நிகழ்ச்சியில் இருக்கப்போகும் அளவுக்கு வைத்துவிடுங்கள். எல்இடி விளக்கு வந்த பிறகு இந்தத் தொல்லை குறைந்திருக்கிறது, பழைய ஹாலஜன் உள்ள அரங்குகளில் இன்னும் உண்டு. ஏசி காற்று நேராகக் கம்பிமேல் விழுகிறதா என்றும் மேலே அண்ணாந்து பாருங்கள். விழுந்தால் பியானோவை ஓரடி தள்ளுங்கள், அல்லது காற்றைத் திருப்புங்கள்.

நான்கு சுரமும் ஒன்றுபோல 2, 3 சென்ட் இறங்கியிருந்து, ஒவ்வொரு சுரத்தின் மூன்று கம்பிகளும் தங்களுக்குள் ஒட்டியிருந்தால், தனி வாசிப்புக்குத் தொடவே வேண்டாம். கேட்பவர் யாருக்கும் தெரியாது.

"நடுப்பகுதி ஏறியிருக்கிறது, மேலே அவ்வளவு இல்லை"

இது ஈரப்பதம். நம் ஊர்களில் வரும் புகார்களில் இதற்குத்தான் முதலிடம், அதனால் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன்.

பியானோவின் ஒலிப்பலகை ஸ்ப்ரூஸ் மரத்தால் ஆனது. சற்றே மேல்நோக்கி வளைந்திருக்கும். அதன்மேல் பிரிட்ஜ் எனும் நீண்ட மரக்கட்டை, அதன்மேல் கம்பிகள். காற்றில் ஈரம் ஏறினால் மரம் உப்பி வளைவு கூடும், பிரிட்ஜ் கம்பிகளை மேலே தள்ளும், இழுவிசை கூடிச் சுருதி ஏறும். காற்று வறண்டால் நேர் எதிர். எல்லாக் கம்பிக்கும் இது ஒரே அளவில் நடந்தால் பிரச்சினையே இல்லை, மொத்தமாக ஏறி மொத்தமாக இறங்கும். ஆனால் எஃகுக் கம்பி தொடங்கும் இடமும் அதற்கு மேலுள்ள ஓரிரு ஆக்டேவும்தான் அதிகம் நகரும். உச்சிப் பகுதியும் அடிப்பகுதியும் அந்த அளவு நகராது. அதனால் ஆக்டேவுகள் ஒன்றோடொன்று ஒட்டாமல் போகும். நீங்கள் எழுதி வைத்த நான்கு எண்களில் இரண்டாவது மட்டும் 8, 10 சென்ட் தள்ளி நின்றால் சந்தேகமே வேண்டாம்.

ஐரோப்பாவிலும் வட அமெரிக்காவிலும் இது பருவத்தோடு வரும். குளிர்காலத்தில் ஹீட்டர் போட்டு அறைக்காற்று வறண்டு சுருதி இறங்கும், கோடையில் ஏறும். அங்குள்ள ட்யூனர்கள் ஹீட்டர் போடத் தொடங்கிச் சில வாரம் கழித்து வரச் சொல்வது இதற்காக. சென்னை, கொழும்பு, சிங்கப்பூர் போன்ற கடலோர ஊர்களில் வெளிக்காற்றின் ஈரப்பதம் வருஷம் முழுக்க 70 விழுக்காட்டைத் தாண்டுவது சாதாரணம். இங்கே பருவத்தைவிட ஏசி சுவிட்ச்தான் வில்லன். நிகழ்ச்சிக்கு ஏசி போட்டால் அரங்கம் 55-க்கு வரும். முடிந்து அணைத்தால் விடிவதற்குள் மறுபடி எகிறிவிடும். வாரத்துக்கு இரண்டு நிகழ்ச்சி என்றால் மரம் வாரத்துக்கு இரண்டு தடவை ஊஞ்சலாடுகிறது. அந்த ஊஞ்சலில் எந்த ட்யூனிங்கும் நிற்காது, உலகத்திலேயே சிறந்த ட்யூனர் வந்து செய்தாலும்.

அரங்கம் முழுவதையும் 24 மணி நேரம் குளிரூட்டச் சொன்னால் நிர்வாகம் சிரிக்கும். அது தேவையும் இல்லை. மேடைக்குப் பக்கத்தில் ஒரு சின்ன அறையைப் பியானோவுக்கென்று ஒதுக்கி, அதில் ஈரம் நீக்கும் கருவியை இரவு பகலாக ஓடவிடுங்கள். நிகழ்ச்சியின்போது அரங்கம் எந்த அளவில் இருக்குமோ அதை ஒட்டியே அறையும் இருக்கட்டும், 50-ஐச் சுற்றி. எண் 48-ஆ 53-ஆ என்பதைவிட அது மாறாமல் இருப்பதுதான் முக்கியம். டாம்ப்-சேசர் போன்ற, பியானோவுக்கு அடியிலேயே பொருத்தும் அமைப்புகளும் நன்றாக உதவும். ஒன்றே ஒன்று: ஈரத்தை உணரும் கட்டுப்பாடு இல்லாமல் காற்றைக் காயவைக்கும் சூட்டுக் குழாயை மட்டும் மாட்டிவிட்டுப் போகாதீர்கள். ஏசி ஓடும் நேரத்திலும் அது காய்ச்சிக்கொண்டே இருந்தால் மரம் வறண்டு ஒலிப்பலகையில் வெடிப்பு விழலாம்.

இந்த வசதி செய்யாமல் ட்யூனிங்கின் எண்ணிக்கையை மட்டும் கூட்டுவதை நான் பரிந்துரைக்க மாட்டேன். ஒரு வருஷ ட்யூனிங் செலவில் ஒரு பங்கை அந்த அறைக்குப் போட்டால் அப்புறம் ட்யூனர் காலையில் வந்து செய்வது திருத்தம் மட்டுமே, மறுகட்டமைப்பு இல்லை.

ஏசி பழுதாகி ஒரு வாரம் நின்றுவிட்டது என்று வையுங்கள். சரியான அன்றே ட்யூன் செய்யாதீர்கள். மரம் மெதுவாகத்தான் திரும்பும். நான்கு சுரங்களையும் தினமும் அளந்து, எண்கள் நகர்வது நின்ற பிறகு கூப்பிடுங்கள். கீகள் அழுத்தினால் மேலே வரத் தயங்குவதும் இதே ஈரத்தின் வேலைதான், உள்ளே இருக்கும் துணி உப்பியிருக்கும். அதையும் ட்யூனிங் தீர்க்காது.

"ஒன்றிரண்டு சுரம் மட்டும் அலையடிக்கிறது"

மூன்று கம்பியில் ஒன்று நழுவியிருக்கிறது. இரண்டு கம்பிகளுக்கு இடையே உள்ள வித்தியாசம் எத்தனை ஹெர்ட்ஸோ, ஒரு நொடிக்கு அத்தனை முறை ஒலி ஏறி இறங்கும். ட்யூனர்கள் இதைப் பீட் என்பார்கள். நடு ஏ-யில் 1 சென்ட் வித்தியாசம் என்றால் நான்கு நொடிக்கு ஓர் அலை, கூர்ந்து கேட்டால்தான் தெரியும். அதே 1 சென்ட் மேலே உள்ள 2093 ஹெர்ட்ஸ் ஸி-யில் நொடிக்கு ஒன்றுக்கு மேல் அடிக்கும். உச்சிப் பகுதிதான் முதலில் கெட்டது போலத் தோன்றுவதற்கு இதுவும் ஒரு காரணம். இன்னொரு காரணம், ஆர்கெஸ்ட்ராவோடு வாசிக்கும் பெரிய கான்செர்ட்டோக்களில் பலமான அடி விழுவதும் அந்தப் பகுதியில்தான்.

ஒரு ராக்மானினோவ் கான்செர்ட்டோவுக்குப் பிறகு இரண்டு, மூன்று சுரம் நழுவியிருந்தால் அது இயல்பு. இடைவேளையில் பத்து நிமிடத்தில் முடிகிற வேலை. ஆனால் மென்மையான வாசிப்பிலேயே ஒத்திகைக்கும் நிகழ்ச்சிக்கும் நடுவே பத்துப் பதினைந்து சுரம் போனால் ட்யூனிங் செய்த விதத்தைச் சந்தேகிக்க வேண்டும். கம்பி, பின்னிலிருந்து கிளம்பி இரண்டு மூன்று இடங்களில் உலோகத்தின்மேல் உரசிக்கொண்டுதான் ஒலிக்கும் பகுதிக்கு வருகிறது. பின்னைத் திருப்பும்போது முதலில் பின் அருகே உள்ள துண்டு மட்டும் இறுகும். ஒலிக்கும் பகுதிக்கு அது பரவ, கீயைப் பலமாக அடித்து அடித்துச் சமப்படுத்த வேண்டும். பின்னும் மரத்துக்குள் லேசாக முறுகும், அந்த முறுக்கையும் தளர்த்தி நிறுத்த வேண்டும். இதைச் செய்யாமல் திரையில் ஊசி நடுவில் நின்றதும் அடுத்த சுரத்துக்குப் போனால், வாசிப்பவரின் முதல் பலத்த அடியில் எல்லாம் சமமாகி, சுருதி விலகிவிடும். நல்ல ட்யூனர் காதைப் பிளக்கிற மாதிரி அடிப்பது இதற்குத்தான். பக்கத்து அறையிலிருந்து யாராவது வந்து "மெதுவாக அடியுங்கள்" என்று சொன்னால் தடுத்துவிடுங்கள்.

அந்த நேரத்தில் அரங்கத்தில் மற்ற சத்தம் கூடாது. மேடையில் ஆணி அடித்துக்கொண்டும், மைக்கில் "ஹலோ, ஒன், டூ" சொல்லிக்கொண்டும் இருந்தால் எந்தக் காதாலும் அரை சென்ட் வித்தியாசத்தைப் பிடிக்க முடியாது. அட்டவணையில் ட்யூனிங் நேரத்தை ஒத்திகை மாதிரியே தனியாகப் போடுங்கள்.

சோதித்துப் பார்க்க ஒரு எளிய வழி: இடது பெடலை மிதித்தும் விட்டும் அதே சுரத்தை வாசியுங்கள். மிதித்தால் சுத்தியல் பக்கவாட்டில் நகர்ந்து மூன்றில் இரண்டு கம்பியை மட்டும் அடிக்கும். அலை மறைந்தால், விடுபட்ட அந்த ஒற்றைக் கம்பிதான் குற்றவாளி.

"அதே சுரம்தான், ஒவ்வொரு தடவையும்"

இங்கே இரண்டு வேறு வேறு நோய்கள் இருக்கலாம். அடுத்த நாளே இறங்கிப் போகிறது என்றால் பின் தளர்ந்திருக்கிறது. பின்னைப் பிடித்துக்கொண்டிருக்கும் மரக்கட்டை தேய்ந்தோ விரிசல் விட்டோ போயிருக்கும். ட்யூனர் லீவரைத் திருப்பும்போதே பிடிப்பு இல்லாததை உணர்ந்துவிடுவார். ஒன்றிரண்டு என்றால் சற்றே பருமனான பின் போட்டுச் சமாளிக்கலாம். ஒரு பகுதி முழுவதும் அப்படியென்றால் பட்டறை வேலை. அதற்கு ட்யூனிங் மேல் ட்யூனிங் போடுவதில் அர்த்தம் இல்லை.

மற்றது, ஒரே கம்பி தனியாகவே அலையடிப்பது. மற்ற இரண்டையும் அடக்கினாலும் அந்த ஒற்றைக் கம்பியில் பீட் கேட்கும். பிரிட்ஜில் உள்ள சிறு பின் ஆடுகிறது, அல்லது கம்பியில் துருவோ முறுக்கோ இருக்கிறது. இதை எந்த ட்யூனராலும் லீவரால் தீர்க்க முடியாது. மற்ற இரண்டை வைத்து மறைக்க மட்டுமே முடியும். கடற்கரை ஊரில் உள்ள பழைய பியானோவில் இது நிறைய.

"ஆர்கெஸ்ட்ராவோடு ஒட்டவில்லை"

பியானோவில் பிழை இல்லை, ஒப்பந்தத்தில் பிழை. 1939-இல் லண்டனில் கூடிய சர்வதேச மாநாடு நடு ஏ-க்கு 440 என்று முடிவு செய்தது. சர்வதேசத் தர அமைப்பான ஐஎஸ்ஓவும் 1975-இல் அதையே தரமாக வெளியிட்டது. ஆனால் நியூயார்க் பில்ஹார்மோனிக் 442-இல் வாசிக்கிறது, பெர்லினிலும் வியன்னாவிலும் 443-ஐ ஒட்டி. வரும் குழு எந்த எண் என்று முன்கூட்டியே எழுத்தில் கேட்டு வாங்குங்கள்.

440-இலிருந்து 442 என்றால் வெறும் 8 சென்ட்தான் என்று தோன்றும். கணக்குப் போட்டால் இழுவிசை கிட்டத்தட்ட 0.9 விழுக்காடு கூட வேண்டும். கான்சர்ட் கிராண்டின் சுமார் 240 கம்பிகளும் சேர்ந்து ஏறக்குறைய 20 டன் இழுக்கின்றன. அப்படியானால் சட்டத்தின்மேல் இன்னும் 180 கிலோ. அந்தச் சுமைக்குச் சட்டமும் ஒலிப்பலகையும் இடம் கொடுக்கும், முதலில் சேர்த்த கம்பிகள் பிற்பாடு தளரும். அதனால் ஏற்றுவதை நிகழ்ச்சியன்று காலையில் செய்யவே கூடாது. இரண்டு நாள் முன்னால் ஏற்றி, அடுத்த நாள் மறுபடி, நிகழ்ச்சியன்று திருத்தம் என்று மூன்று தடவையாகப் பிரியுங்கள். ஒரு வாரம் 440, அடுத்த வாரம் 442 என்று மாற்றி மாற்றி ஆட்டினால் பியானோ எங்குமே நிலைக்காது. அரங்கத்துக்கு ஓர் எண்ணை வைத்துக்கொண்டு அதிலேயே நிற்பது நல்லது. இரண்டு பியானோ இருந்தால் ஒன்றை 440-இலும் மற்றதை 442-இலும் விட்டுவிடலாம்.

"புதுக் கம்பி போட்டோம், இறங்கிக்கொண்டே போகிறது"

இறங்கத்தான் செய்யும். புது எஃகு பல வாரம் நீளும். தினமும் ஏற்றுங்கள். நிகழ்ச்சி நாளைக்கே என்றால், புதுக் கம்பியை ரப்பர் ஆப்பால் அடக்கிவிட்டு மற்ற இரண்டோடு வாசிக்கலாம். ஒலி சற்றுக் குறையும், அலையடிக்காது. புதுப் பியானோ என்றால் முதல் வருஷம் எல்லாக் கம்பிக்கும் இதே கதைதான். நிகழ்ச்சி இல்லாவிட்டாலும் ட்யூனர் அடிக்கடி வந்து போக வேண்டும்.

"கருவி சரி என்கிறது, காது ஒப்பவில்லை"

கர்நாடக இசைக் காது உள்ளவர்கள் இதை அடிக்கடி சொல்வார்கள், அவர்கள் சொல்வது சரியும்கூட. பியானோவில் ஆக்டேவைப் பன்னிரண்டு சம பங்காகப் போட்டிருக்கிறார்கள். அதனால் ஸியிலிருந்து ஈ 400 சென்ட். தம்பூராவில் தானாகக் கேட்கும் அந்தர காந்தாரம் 386. பியானோவில் அது 14 சென்ட் கூடுதல். நடு ஸி-க்குக் கீழே உள்ள எஃப்பையும் ஏ-யையும் சேர்த்து அழுத்தினால் நொடிக்குச் சுமார் 7 அலை கேட்கும். ட்யூனர் அதைத் தவறாக விட்டுவிடவில்லை, எண்ணித்தான் வைத்திருக்கிறார். இதற்காக மறுபடி ட்யூன் செய்யச் சொல்லாதீர்கள்.

ஒலி கூர்மையாக, தகரத்தைத் தட்டுவது போல வருகிறது என்றால் சுத்தியலின் கம்பளி இறுகிவிட்டது. ஊசியால் குத்தி இளக்க வேண்டும், அது தனி வேலை. கையை எடுத்த பிறகும் ஒரு சுரம் இழுத்துக்கொண்டே இருந்து அடுத்த ஸ்வரக்கூட்டைக் கெடுத்தால், கம்பியை அடக்கும் டேம்பர் சரியாக உட்காரவில்லை. இவை இரண்டையும் வாசிப்பவர்கள்கூட "சுருதி சரியில்லை" என்றே சொல்வார்கள். ஆகவே எந்தச் சுரம், எப்படிக் கேட்கிறது என்று கேட்டுப் பாருங்கள்.

"வேறு இடத்திலிருந்து கொண்டுவந்தோம்"

தூக்கி இறக்கியதால் சுருதி போனது என்று எல்லோரும் நினைப்பார்கள். கவனமாகக் கொண்டுவந்தால் ஆட்டத்தால் போவது கொஞ்சம்தான். போவது இடம் மாறிய காற்றால். பியானோ மேதை ஹோரோவிட்ஸ் 1986-இல் மாஸ்கோவில் வாசித்தபோது தன் ஸ்டைன்வே பியானோவையே கொண்டுபோனார், கூடவே ஸ்டைன்வே நிறுவனத்தின் ட்யூனர் ஃபிரான்ஸ் மோரையும். பியானோ மட்டும் போதாது என்று அவருக்குத் தெரியும். வாடகைப் பியானோ லாரியில் வெயிலில் வந்திருந்தால் குறைந்தது ஓர் இரவாவது ஏசியில் நிற்கவிடுங்கள். இறக்கியதும் கை வைத்தால் மறுநாள் அதே வேலையைத் திரும்பச் செய்ய வேண்டும்.

நிகழ்ச்சியே இல்லாத மாதங்களில்

மாதம் ஒருமுறை கூப்பிடுங்கள், அதற்கு மேல் இடைவெளி வேண்டாம். 15, 20 சென்ட் நழுவவிட்டு ஒரே நாளில் இழுத்தால் பியானோ உடனே நிலைக்காது என்பதுதான் காரணம். நான்கு சுரக் குறிப்பை மூன்று மாதம் எழுதியிருந்தால் உங்கள் அரங்கத்துக்கு மாதம் ஒன்று அதிகமா, போதாதா என்று அதுவே காட்டிவிடும். எண்கள் 3 சென்ட்டுக்குள் நின்றால் ஆறு வாரம் விடலாம். அதற்கு மேல் ஆடினால் முதலில் அந்தச் சின்ன அறையின் கதவைச் சாத்துகிறார்களா என்று பாருங்கள். பெரும்பாலும் யாரோ துடைப்பம் எடுக்கப் போய்த் திறந்தே விட்டிருப்பார்கள்.